மகனுக்கு வழுக்கை விழுகிறதா? நகையை ஈடு வைக்க முன்னர் வாசியுங்கள்

பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்காக நாம் நடத்தும் மாதாந்தக் கூட்டங்களில் காணி, கடன், வாழ்வாதார உதவி, காணாமல் போனவர்களின் பதிவு என்பனவே பெரும்பாலும் பேசப்படும். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில் சில தாய்மார் மெதுவாக என் அருகே வந்து கேட்பது வேறொரு விடயம். "பிள்ளை, மகனுக்குத் தலைமயிரெல்லாம் கொட்டிக்கொண்டு போகுது. இருபத்திரண்டு வயசுதான். ஏதும் மருந்து இருக்கோ?"

கேட்கும்போதே அவர்களுக்கு வெட்கம். உயிர் தப்பினால் போதும் என்று வந்தவர்கள் மயிருக்குக் கவலைப்படுவதா என மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற பயம். என்னைப் பொறுத்தவரை இது சிரிக்கும் விடயமல்ல. வன்னியில் நான் வீட்டுத் தரிசிப்புக்குச் செல்லும் ஒரு தாய், மகனின் தலைக்காக ஒன்றரை இலட்சம் ரூபா நுண்கடன் எடுத்திருந்தார். நகரத்தில் உள்ள ஒரு தலைமயிர் பராமரிப்பு நிலையத்தில், பன்னிரண்டு தடவை சிகிச்சை பெற்றால் மயிர் திரும்ப முளைக்கும் என்று கூறி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள். மகனைப் பார்த்தவர் வைத்தியரா என்று கேட்டேன். "வெள்ளைக் கோட் போட்டிருந்தவ" என்றார் தாய். எட்டு மாதம் சென்றும் உச்சியில் ஒரு மாற்றமும் இல்லை. கிழமைக் கட்டணம் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அதைக் கட்டுவதற்காக மகளின் தோடு ஈட்டுக்குப் போயிற்று.

நான் படித்தது சமூகவியல், மருத்துவமல்ல. ஆயினும் இப்படியான பிள்ளைகள் சிலரைத் தோல் வைத்திய நிபுணர்களிடம் அழைத்துச் சென்று, கூட இருந்து கேட்டவற்றையும் தேடி வாசித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

என்ன நடக்கிறது?

எமது தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொரு மயிரும் இரண்டு முதல் ஆறு வருடங்கள் வரை வளர்ந்து, சில மாதங்கள் ஓய்ந்திருந்து, பின்னர் விழுகிறது. அதே வேரிலிருந்து புதிய மயிர் முளைக்கிறது. எனவே நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் வரை விழுவது வழமையானதே. சீப்பில் மயிரைக் கண்டவுடன் பதறத் தேவையில்லை.

இளம் ஆண்களின் வழுக்கை இதிலிருந்து வேறுபட்டது. ஆண்களின் உடலில் சுரக்கும் டெஸ்டஸ்டரோன் என்ற ஓமோன், ஒரு நொதியத்தின் உதவியால் டீ.எச்.டீ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இன்னொரு ஓமோனாக மாறுகிறது. சிலருடைய தலைமயிர் வேர்கள் பரம்பரையாகவே இந்த ஓமோனுக்கு இலகுவில் பாதிக்கப்படக் கூடியவை. அவை சிறிது சிறிதாகச் சுருங்க, தடித்த கறுப்பு மயிர் நின்ற இடத்தில் மெல்லிய பூனைமயிர் முளைக்கிறது. நெற்றியின் இரு பக்கங்களும் ஏறும், உச்சி வெளிக்கும். பிடரியிலும் காதோரத்திலும் உள்ள வேர்கள் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. முழு வழுக்கை விழுந்த தாத்தாமாருக்கும் பின்பக்கத்தில் ஒரு வளையமாக மயிர் நிற்பதற்கு இதுவே காரணம். பருவமடைய முன்னர் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை ஜேம்ஸ் ஹமில்டன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் 1942இல் எடுத்துக்காட்டினார். அப்படியானவர்களுக்கு ஆண் ஓமோன் கொடுத்தபோது, பரம்பரையில் வழுக்கை உள்ளவர்களுக்கு அது தொடங்கியதையும் அவர் கண்டார். பரம்பரை, ஓமோன் இரண்டும் சேர வேண்டும்.

ஆகவே தலைக்கவசமோ, வெயிலோ, கிணற்றுத் தண்ணீரோ இந்த வழுக்கையைக் கொண்டுவருவதில்லை. சுண்ணாம்பு கூடிய எமது கிணற்று நீர் மயிரைச் சொரசொரப்பாக்கும், முறியவும் செய்யும். வேரைச் சுருக்காது.

தாய் பக்கமா, தகப்பன் பக்கமா?

வழுக்கை தாய்மாமனிடமிருந்து வருகிறது என்பது எமது ஊர்களில் பழைய கதை. "உன்ர அண்ணன்மாரின்ர தலையைப் பார்" என்று மாமியாரிடம் பேச்சு வாங்கிய பெண்கள் எத்தனையோ பேர். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆண் ஓமோனை உணரும் முக்கியமான பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது; மகன் அதைத் தாயிடமிருந்தே பெறுகிறான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 52,000க்கும் அதிகமான ஆண்களின் தரவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், வழுக்கையுடன் தொடர்புடைய 280க்கும் மேற்பட்ட பரம்பரை இடங்கள் இனங்காணப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை எக்ஸ் நிறமூர்த்தத்துக்கு வெளியே உள்ளவை. தகப்பனிடமிருந்தும் வரலாம், தாயிடமிருந்தும் வரலாம். அடுத்த முறை மாமியார் கதைத்தால் இதைச் சொல்லுங்கள்.

எமது குடும்பங்களில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. "இவற்ற அப்பாவுக்கு நல்ல அடர்த்தியான தலைமயிர். எங்கட பரம்பரையில் இல்லாத வருத்தம் இது" என்று ஒரு தாய் உறுதியாகச் சொன்னார். கணவர் 2009இல் காணாமல் போனபோது அவருக்கு வயது 29. அதற்குப் பிறகு அவரை எவரும் காணவில்லை. மாமனாரும் இளவயதிலேயே ஷெல் விழுந்து இறந்தவர். வீட்டிலிருந்த படங்கள் இடப்பெயர்வில் போய்விட்டன. ஒரு பரம்பரையில் வழுக்கை உண்டா இல்லையா என்று பார்ப்பதற்கு ஆண்கள் நாற்பது, ஐம்பது வயது வரை கண்முன்னே இருக்க வேண்டும். அது எமக்குக் கிடைக்கவில்லை. வைத்தியர் "தகப்பனுக்கு வழுக்கையா?" என்று சாதாரணமாகக் கேட்கும் கேள்விக்கு இந்தத் தாய்மார் பதில் சொல்லத் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். "தெரியாது" என்று சொன்னால் போதும். அந்தப் பதில் இல்லாமலே தலையைப் பார்த்து வைத்தியரால் நோயை இனங்காண முடியும்.

போரில் பட்ட கஷ்டம் காரணமா?

பல தாய்மாரின் மனதில் உண்மையாக உறுத்திக்கொண்டிருப்பது இந்தக் கேள்விதான். பங்கருக்குள் வைத்திருந்தேன், கஞ்சி மட்டும் கொடுத்தேன், முகாம் தண்ணீரில் குளிக்க வார்த்தேன், அதனால்தான் பிள்ளைக்கு இப்படியோ என்று கேட்கிறார்கள்.

2009இன் நடுப்பகுதியில் முகாம்களில் இருந்த பல பெண்களுக்குத் தலைமயிர் கைநிறையக் கொட்டியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அது வேறு வகை. பட்டினி, கடுங்காய்ச்சல், பிரசவம், சத்திரசிகிச்சை, தாங்கமுடியாத துயரம் ஆகியவற்றின்போது பெருந்தொகையான வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகின்றன. இரண்டு மூன்று மாதங்கள் சென்றபின் அந்த மயிர் தலை முழுவதிலுமிருந்து கொட்டும். வேர் சாவதில்லை. காரணம் நீங்கினால் ஆறு மாதமளவில் பெரும்பாலும் தானாகவே திரும்ப முளைத்துவிடும். டெங்கு, கொவிட் வந்து போனவர்களுக்கும் இதுவே நடந்தது. நான்கு, ஐந்து வயதில் பிள்ளை கிடந்த பட்டினி, இருபத்திரண்டு வயதில் உச்சி வழுக்கையாக வருவதில்லை. இதை நான் ஒரே தாய்க்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். நீங்கள் கொடுக்காமல் விட்ட எதனாலும் அவனுக்கு வழுக்கை விழவில்லை.

மயிர் வட்டம் வட்டமாக, ஒரு நாணயமளவில் வழுவழுவென்று விழுந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். புழு எதுவும் அங்கே இல்லை. உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தன் சொந்த வேர்களையே தாக்குவதால் வருவது. சிறு வட்டங்கள் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தாமாகவே முளைத்துவிடும். சின்ன வெங்காயம் தேய்த்து முளைத்தது என்று சொல்பவர்களில் பலருக்கு இப்படித் தானாக முளைத்திருக்கும் என்பது என் எண்ணம். செதிள், சொறி, சீழ் இருந்தால் பங்கசுத் தொற்றாக இருக்கலாம்; அதற்கு மாத்திரை வேண்டும். எனவே முதலில் வைத்தியரிடம் காட்டி எது என்று அறிந்துகொள்ளுங்கள். எண்ணெய் வாங்குவதை அதன் பிறகு யோசிக்கலாம்.

மருந்துகள்

பரம்பரை வழுக்கைக்கு நன்கு ஆராயப்பட்டு நிரூபிக்கப்பட்ட மருந்துகள் பிரதானமாக இரண்டு. இரண்டும் குணப்படுத்துவதில்லை, தடுத்து நிறுத்தவும் ஓரளவு மீட்கவும் உதவும். எவ்வளவு வெள்ளனத் தொடங்கினால் அவ்வளவு நல்லது. முற்றாக வழுக்கையாகிப் பல வருடமான இடத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது.

முதலாவது மினொக்சிடில். உயர் குருதியமுக்கத்துக்கான மாத்திரையாக 1979இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அதைக் குடித்தவர்களுக்கு முகத்திலும் கைகளிலும் மயிர் வளரவே, தலையில் பூசும் மருந்தாக்கினார்கள். 1988இல் அதற்கும் அனுமதி கிடைத்தது. வழமையாக ஒரு தடவைக்கு 1 மில்லிலீற்றர், நாளுக்கு இரண்டு தடவை. 60 மில்லிலீற்றர் போத்தல் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். தொடங்கிய முதல் வாரங்களில் மயிர் இன்னும் கூடுதலாகக் கொட்டலாம். "மருந்து பிழை" என்று அநேகர் கைவிடுவது இந்த இடத்தில்தான். பலன் தெரிய நான்கு மாதமாவது செல்லும். நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைக்கே திரும்பும். ஆகவே வாங்க முன்னர் ஒரு போத்தலின் விலையைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகையை வருடாவருடம் மகனின் சம்பளம் தாங்குமா? உங்கள் சம்பளம் என்று நான் எழுதவில்லை.

வீட்டிலுள்ளவர்களும் கவனமாயிருக்க வேண்டும். மருந்து பூசிய தலையோடு தகப்பன் கைக்குழந்தையைத் தொடர்ந்து அணைத்ததால், குழந்தையின் உடலில் மயிர் வளர்ந்த சம்பவங்கள் ஐரோப்பாவில் பதிவாகியுள்ளன. பிள்ளைகள் குடித்துவிட்டால் குருதியமுக்கம் ஆபத்தாக இறங்கும். பூனைக்கு இது நஞ்சு. திரவத்தில் மதுசாரம் இருப்பதால் பூசியவுடன் அடுப்படிக்குப் போகக்கூடாது.

இரண்டாவது பினஸ்டரைட் மாத்திரை. டெஸ்டஸ்டரோன் டீ.எச்.டீ. ஆக மாறுவதை இது குறைக்கிறது. வழுக்கைக்கான 1 மில்லிகிராம் மாத்திரை 1997இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. வைத்தியரின் துண்டு இல்லாமல் இதைத் தொடவே கூடாது. செலவு குறைவென்று, வயதானவர்களின் புரஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்குக் கொடுக்கும் 5 மில்லிகிராம் மாத்திரையை வெட்டிக் குடிப்பவர்களும் உண்டு. வெட்டும்போது உதிரும் தூளை யார் துடைக்கிறார்கள்? மனைவியோ தாயோதான். கர்ப்பிணிப் பெண் உடைந்த பினஸ்டரைட் மாத்திரையைத் தொடக்கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

சிலருக்கு இந்த மாத்திரையால் தாம்பத்திய ஆசை குறைவதும் இயலாமையும் ஏற்படுகின்றன. மனச்சோர்வும் வரலாம். தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2025இல் உறுதிப்படுத்தியது. எமது பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே மனப்பாரத்தோடு வளர்ந்தவர்கள். அப்படியான வரலாறு மகனுக்கு இருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து குடிக்கும் பிள்ளை நித்திரை இல்லாமல், ஒதுங்கி, கதைக்காமல் இருந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மயிர் நடும் சத்திரசிகிச்சை பற்றியும் கேட்கிறார்கள். அது புதிய மயிரை உண்டாக்குவதில்லை. பிடரியில் இருப்பதை எடுத்து முன்னுக்கு நடுவது மட்டுமே. இருபதுகளின் தொடக்கத்தில் செய்தால், நட்ட மயிர் நிற்க, அதற்குப் பின்னால் உள்ளது தொடர்ந்து கொட்டி, நடுவில் ஒரு வெளி தெரியும். நிபுணர்கள் இளம் வயதினரைப் பொறுத்திருக்கச் சொல்வது இதனால்தான். செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற வைத்தியரா என்று விசாரியாமல் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

கரிசலாங்கண்ணி, செவ்வரத்தை, கறிவேப்பிலை காய்ச்சிய எண்ணெய் பூசுவதில் கேடில்லை. மயிர் மினுங்கும், முறிவது குறையும். வழுக்கையை நிறுத்தும் என்று நம்பி ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கலியாணப் பேச்சு

பிள்ளைகள் தொப்பியைக் கழற்றாமல் திரிவதற்கும் தாய்மார் கடன் எடுப்பதற்கும் பின்னால் இருப்பது பெரும்பாலும் கலியாணப் பேச்சு. தகப்பன் இல்லை, காணியில்லை, நிரந்தரத் தொழில் இல்லை. இதில் தலையும் வழுக்கையானால் யார் பெண் கொடுப்பார்கள் என்ற கணக்கு. பெண்ணின் நிறத்தையும் பல்லையும் பார்த்துத் தட்டிக்கழித்த அதே தராசு இப்போது பையனின் நெற்றியையும் அளக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் வழுக்கை மாப்பிள்ளைக்குச் சீதனத்தில் ஒரு சதமும் குறைவதில்லை என்பது வேறு கதை.

நான் சந்தித்த ஒரு பையன் மினொக்சிடிலை ஒரு வருடம் பூசிப் பார்த்துவிட்டு, சலூனுக்குப் போய் ஒட்ட வெட்டிக்கொண்டான். இன்னொருவன் மாதாமாதம் தன் சம்பளத்தில் வாங்கிப் பூசுகிறான். அவனுக்கு நல்ல பலன். இரண்டும் அவரவர் முடிவு. தாய் கடன் எடுக்கவில்லை என்பதே இரண்டிலும் எனக்குப் பிடித்தது.

வைத்தியரிடம் காட்ட எண்ணினால், அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், தோல் சிகிச்சைக் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். பார்ப்பதற்குக் காசில்லை, மருந்தைப் பெரும்பாலும் வெளியே பாமசியில் வாங்கவேண்டி வரும். மயிர் கொட்டத் தொடங்கிய மாதம், அதற்கு முன்னர் வந்த காய்ச்சல், அவன் குடிக்கும் மாத்திரைகள், உடற்பயிற்சி நிலையத்தில் வாங்கும் மாவுகள் உட்பட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்திய படம் கைத்தொலைபேசியில் இருந்தால் அதையும் காட்டட்டும். அன்று காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து விடாதீர்கள். எண்ணெய் பூசிய தலையில் வைத்தியருக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது.