யூரோப்பாவுக்கு மனிதன் போகலாமா?

கிள்ளானில் என்னிடம் டியூஷன் படிக்கும் ஐந்தாம் ஆண்டு மாணவன் கேட்டான்: "அண்ணா, ஷேக் முஸாபார் மாதிரி யாராவது யூரோப்பாவுக்குப் போய் உயிர் இருக்கானு பார்க்கலாமே?"

இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயில் படித்தவன் நான். விடை தெரிந்தும் தமிழில் சொல்லத் தடுமாறினேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

யூரோப்பா, வியாழனின் நிலவு. அதன் பனிக்கட்டி ஓட்டுக்கு அடியில், பூமியின் கடல்களைப்போல் இரு மடங்கு உப்புநீர் இருக்கலாம் என அறிவியலாளர்கள் கருதுகின்றனர். அது ஏன் உறையவில்லை? மூன்றரை நாளுக்கு ஒருமுறை வியாழனைச் சுற்றும்போது அந்நிலவு சற்று நெருங்கியும் விலகியும் செல்கிறது. ஈர்ப்பு கூடிக் குறைவதால் அதன் உட்பகுதி பிசையப்படுகிறது. கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் சூடேறும் அல்லவா? அதுபோலத்தான்.

ஷேக் முஸாபார் 2007-இல் சென்ற அனைத்துலக விண்வெளி நிலையம் பூமிக்குச் சில நூறு கிலோமீட்டர் மேலேதான் உள்ளது. யூரோப்பாவின் தரையிலோ, ஒரே நாளில் உயிரைப் பறிக்கும் அளவு கதிர்வீச்சு தாக்கும். மேலும், மனிதன் போனால் நம் கிருமிகளும் கூடவே போகும். பிறகு அங்கே காண்பது யாருடைய உயிர்?

ஆகவே, 2024 அக்டோபர் 14-இல் நாசா ஏவிய 'யூரோப்பா கிளிப்பர்' ஆளில்லா விண்கலமே. 290 கோடி கிலோமீட்டர் பயணம் செய்து 2030 ஏப்ரலில் வியாழனை அடையும். கதிர்வீச்சுக்கு அஞ்சி அதுவும் யூரோப்பாவிலேயே தங்காது. 49 முறை அருகில் வந்து விலகும். அது தேடுவது உயிரையன்று, உயிர் வாழ ஏற்ற சூழலை.

அப்போது என் மாணவன் இடைநிலைப்பள்ளியில் இருப்பான். அவனிடம் யாரேனும் இதே கேள்வியைக் கேட்டால், தடுமாறாமல் தமிழில் சொல்லட்டும்.