இயந்திரத்தை மாற்றுவதா, வாளை மாற்றுவதா?

காத்தான்குடியில் ஆற்றங்கரைப் பக்கமாக ஒரு சிறிய தளபாடப் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் இரண்டு ஓடாவிமாரும்தான் வேலை. பட்டறையில் ஒரு பேண்ட் சோ இருக்கிறது. இரண்டு சக்கரங்களைச் சுற்றி நாடா போல ஓடும் வாள் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். பொழுதுபோக்காக மரவேலை செய்பவர்களுக்கென்று செய்யப்பட்ட அரைக் குதிரைவலு இயந்திரம் அது. கையில் இருந்த காசுக்கு அன்று அதுதான் கிடைத்தது.

2024 நோன்புக்கு முன் ஒரு குர்ஆன் மத்ரஸாவிலிருந்து, தரையில் அமர்ந்து ஓதும் பிள்ளைகளுக்காக 40 சிறு மேசைகள் கேட்டார்கள். தலைநோன்புக்கு முன் கொடுத்துவிட வேண்டும். முற்பணமும் வாங்கிவிட்டேன். கால்களை வளைவாக வெட்ட வேண்டும். 4 அங்குல மஹோகனிக் கட்டைகளைப் பிளந்து சட்டங்கள் எடுக்க வேண்டும். முதல் நாளே இயந்திரம் மூச்சு வாங்கத் தொடங்கியது. கட்டையைக் கொஞ்சம் அழுத்தினால் நின்றுவிடும். மெதுவாகக் கொடுத்தால் புகை வரும், வெட்டும் கோணும்.

பார்த்தவர்களெல்லாம் சொன்னது ஒன்றுதான்: “இது விளையாட்டுச் சாமான். பெரிசு ஒன்றை எடுங்கள்.” விலை கேட்டேன். கைக்காசுக்கு 285,000 ரூபா. தவணைக்கு என்றால் முதலில் 85,000, பிறகு மாதம் 12,500 வீதம் 24 மாதங்கள். கூட்டிப் பார்த்தால் 385,000. ஒரே இயந்திரத்துக்கு ஓர் இலட்சம் மேலதிகம். 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாவளவில் இருந்த டொலர், அந்த மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியதன் பின்னர் இறக்குமதி இயந்திரங்களின் விலை எங்களைப் போன்ற சிறு தொழிலாளருக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

தவணை வேண்டாம், மனைவியின் காப்புகளை வைத்தாவது கைக்காசுக்கு எடுப்போம் என்று நினைத்து வீட்டில் பேச்செடுத்தேன். அவர் மறுக்கவில்லை. “காப்பத் தாறன். ஆனா பழைய மிஷின்ல என்ன பிழை எண்டு தெரிஞ்சிதானா புதுசு எடுக்கப் போறீங்க?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஒரு கேள்வி

மறுநாள், மரக்காலையில் பல வருடம் வேலை செய்து ஓய்ந்த ஒரு காக்காவை அழைத்து வந்தேன். அவர் இயந்திரத்தைத் தொடக்கூட இல்லை. “தம்பி, நிக்கிறது மோட்டரா, வாளா?” என்றார்.

அந்தக் கேள்வியில்தான் விடயமே இருக்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வாள் மட்டும் நின்றால், பெல்ட் வழுக்குகிறது, அல்லது வாள் தளர்ந்து சக்கரத்தில் வழுக்குகிறது. மோட்டாரே முனகிக்கொண்டு நின்றால், ஒன்றில் மோட்டாருக்கு வலு வந்து சேரவில்லை, அல்லது வாள் அதற்கு மேலான சுமையை ஏற்றுகிறது. என்னுடையதில் நின்றது மோட்டார். நானோ அதற்கு முந்திய நாள்தான் 1,100 ரூபா கொடுத்துப் புதிய பெல்ட் மாட்டியிருந்தேன். கேள்வி கேட்காமல் செலவழித்த காசு அது.

அடுத்து வாளைப் பார்த்தார். இயந்திரத்தோடு வந்த அதே வகை வாளையே நான் திரும்பத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டிருந்தேன். அங்குலத்துக்கு 14 பல். மெல்லிய பலகைக்கு அது நல்லது. 4 அங்குலக் கட்டைக்குள் அந்த வாள் போகும்போது ஒரே நேரத்தில் 56 பற்கள் மரத்தைக் கடிக்கின்றன. சிறிய மோட்டார் அதை எப்படி இழுக்கும்? பல்லுக்குப் பல் உள்ள பள்ளமும் சிறியது. மரத்தூள் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அரைபட்டுச் சூடாகிறது. புகைக்குக் காரணம் அதுதான். அங்குலத்துக்கு 4 பல் உள்ள வாள் என்றால் 16 பற்கள் மட்டுமே மரத்தில் இருக்கும். தூளும் தாராளமாக வெளியேறும். மெல்லிய பலகைக்கு இந்த வாள் உதவாது. குறைந்தது மூன்று பல்லாவது எப்போதும் மரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் கணக்கு.

மூன்றாவது கரண்ட். வீட்டிலிருந்து பட்டறைக்கு மெல்லிய வயர் ஒன்றை நடுவில் ஒட்டுப் போட்டு நீளமாக இழுத்திருந்தேன். எலக்ட்ரீசியன் அளந்து பார்த்தபோது, மரம் வெட்டும் நேரத்தில் வீட்டில் 226 வோல்ட், இயந்திரத்தில் 203 வோல்ட். 230 வோல்ட்டுக்குச் செய்த இவ்வகை மோட்டாருக்கு வோல்ட் 10 வீதம் குறைந்தால் சுழற்றும் வலு 19 வீதம் குறையும். எனது மோட்டார் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலுவை வயரிலேயே இழந்துகொண்டிருந்தது. மோட்டாரின் கெப்பாசிட்டரும் தளர்ந்திருந்தது. 20 மைக்ரோபரட் என்று எழுதியிருந்தது. அளந்தபோது 13தான் காட்டியது. இதை மட்டும் நீங்களே கழற்றப் போகாதீர்கள். கரண்டை நிறுத்திய பின்னும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருந்து அடிக்கும். தெரிந்தவரிடம் விடுங்கள்.

கடைசியாக எமது பிரதேசத்துக்கே உரிய ஒரு வருத்தம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்றில் இரும்பு மேசை துருப்பிடித்துச் சொரசொரத்துப் போயிருந்தது. மரத்தைத் தள்ளுவதற்கே பாதிப் பலம் போனது. தேய்த்துத் துடைத்து மெழுகு பூசினோம். சக்கரத்தில் ஒட்டியிருந்த தூளையும், மோட்டாரின் காற்றுத் துளைகளை அடைத்திருந்த தூளையும் எடுத்தோம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

கணக்கு

வாள் இரண்டு 7,000, வயர் 5,500, கெப்பாசிட்டர் 1,200, தேவையில்லாத பெல்ட் 1,100. மொத்தம் 14,800 ரூபா. புதிய இயந்திரத்தின் விலையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. மேசைகள் 40உம் தலைநோன்புக்கு இரண்டு நாள் முன்பே மத்ரஸாவுக்குப் போய்ச் சேர்ந்தன.

இதனால் சிறிய இயந்திரம் பெரிய இயந்திரமாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 6 அங்குலக் கட்டையை அது இன்றும் பிளக்காது. பெரிய மோட்டார் ஒன்றைப் பூட்டலாமே என்று நானும் கேட்டேன். காக்கா தடுத்துவிட்டார். அகலமான வாளை இழுத்துக் கட்டினால் தாங்கும் சட்டம் இதற்கு இல்லை, வளைந்துவிடும். எனவே பெரிய கட்டைகளை மரக்காலையில் கொடுத்துப் பிளந்து எடுக்கிறேன். மாதம் 6,000 ரூபாவளவில் போகிறது. அந்தக் காசை மிச்சப்படுத்த 285,000 ரூபா போட்டால், போட்ட முதலே திரும்பி வர நான்கு வருடம் செல்லும். இலாபம் அதற்குப் பிறகுதான்.

என் நண்பர் ஒருவருக்கு ஏறாவூரில் பட்டறை. நாள்தோறும் கட்டை பிளக்கும் வேலை. மரக்காலைக்கே மாதம் 30,000 ரூபா கொடுத்துக்கொண்டிருந்தார். அதே விலைக்கு அவர் பெரிய இயந்திரம் வாங்கினார். பத்து மாதத்துக்குள் முதல் திரும்பிவிடும். அவருக்கு அது சரியான முடிவு. எனக்கு அது வீண் கடன்.

ஐஸ் பெட்டி, தையல் மெஷின், அரைக்கும் மில், முச்சக்கர வண்டி எதுவானாலும், மாற்றுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பிழை எங்கே என்று அளந்து பார்த்தோமா? அதைத் திருத்த எவ்வளவு? திருத்திய பின்னும் அது செய்யாத வேலையை வெளியில் கொடுத்தால் மாதம் எவ்வளவு? மூன்றாவது தொகை பெரிதாக இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். சிறிதாக இருந்தால் அந்த மூலதனத்தை மரத்திலோ சரக்கிலோ போடுங்கள்.

காப்புகள் இன்னும் மனைவியின் கையில்தான் இருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்டவரும் அவர்தான்.