காயமில்லாத தன்னிலை

அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் சேர மதிப்பெண், நுழைவுத்தேர்வு, பரிந்துரைக் கடிதம் இவற்றோடு தன்னைப் பற்றிய கட்டுரை ஒன்றும் தரவேண்டும். பெரும்பாலும் இரண்டு பக்கம். நியூஜெர்ஸியில் பிறந்து வளர்ந்த என் அக்கா மகள் இதற்காக ஒரு மாதம் உட்கார்ந்தும் ஒரு வரி நகரவில்லை. 'எனக்குத்தான் கஷ்டம்னு ஒண்ணும் நடக்கலியே மாமா, என்னத்த எழுதுறது?' என்றாள். பாட்டி பட்ட வறுமையை எழுதிரட்டுமா என்றும் கேட்டாள். பாட்டி என்றால் என் அம்மா. அம்மாவின் பசிக்கு இப்படியொரு சந்தை இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

பாவசங்கீர்த்தனம் அதிகாரத்தின் ஒரு செய்முறை என்று ஃபூக்கோ 1976இல் எழுதினார். சொல்கிறவன் தன்னை அவிழ்த்துக் காட்டுகிறான். அதிகாரம் கேட்டுக்கொண்டிருப்பவனிடம் இருக்கிறது. சேர்க்கைக் குழு உட்கார்ந்திருப்பது அந்த நாற்காலியில்தான். விழுந்தேன், எழுந்தேன், எனவே வழக்கறிஞராக விரும்புகிறேன் என்கிற கதையாடல் அங்கே செல்லுபடியாகிற நாணயம்.

மிச்சிகன் சட்டக் கல்லூரி வழக்கில் 2003இல் உச்சநீதிமன்றம், சேர்க்கையில் இனத்தையும் ஓர் அம்சமாகக் கருதலாம் என்றது. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு, வடகரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் அதே நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஒரு சந்து மட்டும் விட்டுவைத்தார்: இனம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதலாம், ஆனால் அதற்கான பலன் அந்தத் தனிமனிதரின் துணிவு, உறுதி, பங்களிக்கும் திறன் இவற்றோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், இனத்தோடு அல்ல. ஆக, ஒரு கறுப்பின மாணவி வரலாறாகச் சொல்லவேண்டியதைச் சொந்தக் காயமாகச் சுருக்கிச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. காயம் உள்ளவள் காட்டியாகணும், இல்லாதவள் கடன் வாங்கியாகணும்.

உண்மையில் பல கல்லூரிகள் தரும் குறிப்பில் துன்பம் என்ற சொல்லே இல்லை. அதை எழுத, விருப்பமிருந்தால், தனித்தாள் கேட்கிற கல்லூரிகளும் உண்டு. பிரதானக் கட்டுரையில் தெரியவேண்டியது இந்த ஆள் எப்படி யோசிக்கிறாள் என்பது. இரண்டு நியாயங்கள் மோதிய ஒரு சின்ன இடம் போதும்: முதலில் என்ன நினைத்தாள், எது அவளை அசைத்தது, இன்னும் தீராமல் இருப்பது எது. வசதியை மறைக்கவும் வேண்டாம், அதற்காக மாரில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். அதுவும் பாவசங்கீர்த்தனம்தான்.

துருவிக் கேட்டதில் வந்தது இது. பள்ளி நாட்களில் ஊர் நூலகத்தில் பகுதிநேர வேலை பார்த்திருக்கிறாள். தாமத அபராதத்தை எடுத்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது இவள் அபராதத்தின் பக்கம். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்பது வாதம். பிறகு பாக்கிப் பட்டியலைச் சரிபார்க்கையில் கவனித்தாள்: பலர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள், பாக்கிக்குக் கூச்சப்பட்டே வராமல் நின்றுபோனவர்கள். (நியூயார்க் பொது நூலகம் 2021இல் தாமத அபராதத்தை ஒழித்துவிட்டது.) 'இதெல்லாம் ஒரு கதையா மாமா?' 'சட்டம் படிக்கப் போறவ வேற எதை யோசிப்பா?' என்றேன்.

எழுதி அனுப்பினாள். முதல் வரைவில், வராமல் போன ஒரு பையனை ரொம்பவும் ஏழையாக்கி வைத்திருந்தாள். அதை மட்டும் அடிக்கச் சொன்னேன்.