சௌராஷ்டிரக் கடலின் திமிங்கலச் சுறா

திமிங்கலச் சுறா, பெயரில் திமிங்கலத்தைக் கொண்டிருந்தாலும், செவுள்களால் மூச்சுவிடும் மீனே ஆகும்; இன்று உயிர்வாழும் மீன்களில் மிகப் பெரியதும் இதுவே. 10 மீட்டருக்கு மேல் வளரக்கூடிய இவ்வுயிரி, வாயைத் திறந்தபடி மெல்ல நீந்தி, உட்புகும் நீரைச் செவுள்கள் வழியே வெளியேற்றி, அதிலுள்ள மிதவை உயிரிகளையும் மீன் முட்டைகளையும் சிறு மீன்களையும் வடிகட்டி உண்கிறது. இனப்பெருக்கப் பருவத்தை எட்டப் பல பத்தாண்டுகள் ஆவதால், வேட்டையில் குறைந்த எண்ணிக்கை எளிதில் மீள்வதில்லை.

குஜராத்தின் வெராவல் முதலிய துறைகளில், மரப்படகுகளில் நீர் கசியாதிருக்கப் பூசும் ஈரல் எண்ணெய்க்காகவும், பின்னாளில் ஏற்றுமதிக்கான இறைச்சிக்காகவும் இம்மீன் பெருமளவில் வேட்டையாடப்பட்டது. அவ்வேட்டையை மைக் பாண்டேயின் ஆவணப்படம் வெளியுலகுக்குக் காட்டியபின், 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய உயிரினங்களின் வரிசையில், இது சேர்க்கப்பட்டது. எனினும் தற்செயலாகச் சிக்கிய சுறாவை விடுவிக்க வலையை அறுக்க நேர்வதால், அந்த இழப்பைச் சுமப்பவர் யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை.

விடை 2004இல் தொடங்கிய இயக்கத்தில் கிடைத்தது. இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் குஜராத் வனத்துறையும் டாடா கெமிக்கல்ஸ் நிறுவனமும் இணைந்து நடத்திய அவ்வியக்கத்தில், கதாகாலட்சேபம் செய்பவரான மொராரி பாபு, இம்மீனைப் பேறுகாலத்திற்குத் தாய்வீடு வரும் மகளாகக் கருதுமாறு மீனவர்களிடம் எடுத்துரைத்தார்; அப்பேச்சு மனத்தை மாற்றியதென்றால், அறுபட்ட வலைக்கு அரசு வழங்கிய இழப்பீடு அம்மாற்றத்தை நிலைக்கச் செய்தது. மீனவர்களுக்கே ஒளிப்படக் கருவிகள் அளிக்கப்பட்டு, அவர்கள் எடுக்கும் படமே இழப்பீட்டுக்குச் சான்றாக ஏற்கப்பட்டதால், அதிகாரிகள் வந்து சேரும்வரை மீன் வலையில் தவிக்க வேண்டியதில்லை என்றாயிற்று. இவ்வாறு 800க்கும் மேற்பட்ட சுறாக்கள் உயிருடன் விடப்பட்டுள்ளன.

ஆய்வும் இதனோடு சேர்ந்தே வளர்ந்தது. இச்சுறாவின் உடற்புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தன்மை உடையது என்பதால், விண்மீன் படங்களை ஒப்பிட வானியலாளர் வகுத்த கணிமுறையைத் தழுவி, ஒரே சுறா மீண்டும் தென்படுவதை அடையாளம் காண்கின்றனர். குஜராத் கடலில் 2011 முதல் செயற்கைக்கோள் வழித் தடமறியும் கருவிகளும் பொருத்தப்படுகின்றன.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் 2016 முதல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக இது இடம்பெற்றுள்ளது. மன்னார் வளைகுடா உட்பட, இம்மீன் வலையில் சிக்கும் ஒவ்வொரு கரையிலும், அறுபட்ட வலைக்கான ஈடு தாமதமின்றி மீனவர் கையைச் சேர அரசுகள் வழிசெய்ய வேண்டும்.