உவகையும் விளையாட்டும்: மாணவர் மனநிறைவு குறித்து

கல்வியினால் விளையும் உணர்வு யாது என்னும் வினாவிற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் விடை உண்டு. ஆயினும் அது நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. எண்வகை மெய்ப்பாட்டிற்கும் நந்நான்காக 32 நிலைக்களன்களை வகுத்த ஆசிரியர், கல்வியைத் தறுகண், இசைமை, கொடை என்பவற்றோடு சேர்த்துப் பெருமிதத்தின்கண் வைத்தார். உவகைக்கு அவர் எண்ணியவை செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கு. கற்றவன் பெருமிதம் எய்துவான். உவகை எய்துவானா என்பது வேறு வினா.

புலன் என்பதற்குக் கல்விப் பயனாகிய அறிவு எனப் பொருள் கொள்ளும் உரைமரபு உண்டே, அவ்வழி உவகையினுள்ளும் கல்வி அடங்காதோ எனின், அடங்கும். ஆயினும் அங்ஙனம் அடங்கிய பின்னரும் விளையாட்டு அதனுள் கரைந்து போகாமல் தனித்து எண்ணப்படுகின்றது என்பதே நாம் கருதவேண்டுவது. மெய்ப்பாட்டியல் செய்யுட்கண் தோன்றும் உணர்வுகளின் இலக்கணமேயன்றி வாழ்வுக்கு வழிகாட்ட எழுந்த நூலன்று. எனினும், இலக்கணம் கண்டவர் உலக வழக்கை நோக்கியே கண்டார் ஆதலின், இப்பாகுபாட்டைப் பல்கலைக்கழக மாணவர் வாழ்வோடு பொருத்திப் பார்ப்பது பிழையாகாது.

இக்கால உளவியலார் 'வாழ்க்கை நிறைவு' என ஒன்றை அளக்கின்றனர். 1985-இல் டீனரும் அவருடன் மூவரும் வெளியிட்ட அளவுகோல் இத்துறையில் பெரிதும் வழங்குவது. அதில் ஐந்தே கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் உடன்பாட்டின் அளவை 1 முதல் 7 வரை குறிக்க வேண்டும், கூட்டுத்தொகை 5-க்கும் 35-க்கும் இடையே அமையும், 20 நடுநிலை. இங்கே ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. உவகை மெய்யின்கண் புலப்படும் உணர்வு. வாழ்க்கை நிறைவோ ஒருவர் தம் வாழ்வை முழுமையாக நோக்கித் தாமே கூறும் தீர்ப்பு. முன்னதைப் பின்னதன் பெயராக மொழிபெயர்த்தல் பொருந்தாது. 'மனநிறைவு' என்னும் சொல்லே ஏற்றது எனக் கருதுகின்றோம்.

உடற்பயிற்சியிலும் விருப்பமான ஓய்வுச் செயல்களிலும் ஈடுபடும் மாணவர், ஈடுபடாதாரினும் சற்று மிகுந்த மனநிறைவு கூறுவதாகவே ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன. 'சற்று' என்பதை வேண்டுமென்றே எழுதினோம். பணமுடையும் குடும்பக் கவலையும் பந்தாட்டத்தால் நீங்கிவிடா. மேலும், அவ்வாய்வுகளுள் பெரும்பாலன ஒரே காலத்தில் ஒரு முறை வினவிப் பெற்ற விடைகளைக் கொண்டவை. ஆடியதால் நிறைவு வந்ததா, நிறைவுடையவர் ஆட வந்தனரா என்பதை அவை தாமே தெளிவாக்கமாட்டா.

இவ்விடர்ப்பாடு சங்க இலக்கியம் பயில்வார்க்குப் புதியதன்று. அகப்பாடல்களில் தலைவி ஓரையாடுகின்றாள். பந்தும் கழங்கும் ஊசலும் புனலும் அவளுக்கு உரியன. அவள் ஆயத்தை விட்டு நீங்கி ஆட்டம் ஒழிந்தாளாயின், அஃது உள்ளத்து நோயின் புறக்குறி. ஆட்டம் ஒழிந்தமையால் நோய் வந்தது என்று எத்தோழியும் கூறாள். ஆனால் ஆயத்தினின்று பிரித்து வீட்டில் அடைக்கும் இற்செறிப்பு அந்நோயை மிகுவிப்பதையும் அப்பாடல்கள் காட்டுகின்றன. இருவழியும் உண்மை என்பதே அங்கிருந்து பெறப்படுவது. உளவியலாரும் நீண்டகால ஆய்வுகளின்வழி இரு திசைத் தொடர்பையே கருதி வருகின்றனர்.

எவ்வகை விளையாட்டு நிறைவு தரும்? டெசி, ரயான் ஆகியோர் வகுத்த கொள்கை, தன்விருப்பு, திறனுணர்வு, பிறரோடு உறவு என மூன்று தேவைகளைக் கூறும். கட்டாயத்தால் நிகழும் காலைப் பயிற்சி உடலுக்கு நன்றாயினும் முதல் தேவையை நிறைவு செய்வதில்லை. அறையில் தனித்திருந்து கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருத்தல் விருப்பினதாகத் தோன்றினும் ஏனைய இரண்டையும் பெரும்பாலும் தருவதில்லை. அதனைப் 'பொழுதுபோக்கு' என்பது சாலப் பொருந்தும். பொழுது போகின்றது, வேறொன்றும் வருவதில்லை. இதற்கு மாறாக, உரியியல் விளையாட்டுப் பொருளில் கூறும் 'பண்ணை' என்னும் சொல் மகளிர் கூட்டத்தையும் குறித்து வழங்கியமை நோக்கத்தக்கது. ஆடுதலும் கூடுதலும் ஒரு சொல்லுள் அடங்கின.

ஓரையும் பண்ணையும் மகளிர்க்கு உரியனவாகப் பேசப்பட்ட மொழியில், இன்று மாலைநேர ஆடுகளம் பெரும்பாலும் ஆடவர்க்கே உரியதாக இருப்பதைக் காண்கின்றோம். விடுதிக்கு முன்னரே திரும்பவேண்டிய மாணவியர்க்கு வகுப்பு முடிதலும் பொழுது சாய்தலும் ஒன்றாகி விடுகின்றன. இற்செறிப்பு என்னும் துறையைப் பாடம் நடத்துவோர் இதனை எண்ணாதிருத்தல் அரிது.

ஆய்வு மாணவர் கூறும் தடை பிறிதொன்று: ஆடும் நேரம் ஆய்வினின்று திருடிய நேரம் என்பர். உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, வளர்ந்தோர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பை வரையறுக்கின்றது. கீழெல்லை நாளொன்றுக்கு 21 நிமிட அளவே ஆகும். விரைந்து நடத்தலும் அதனுள் அடங்கும். சுவடி பார்க்கும் கண்ணுக்கு இடையிடையே வேண்டப்படும் ஓய்வே அதனினும் மிகுதி. தொல்காப்பியர் கற்பியலில் யாற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடுதற்கு ஊரெல்லை கடந்து செல்லவும் இசைந்தார். நம் மாணவர்க்கு நூலகத்தின் வாயில் கடந்தால் போதும்.