ஒயின் தொழிலுக்கு மாறலாமா? மளிகை வணிகர்களுக்கு ஒரு விளக்கம்



ஏற்காட்டில் கடை வைத்திருப்பவர்களிடம், சீசனுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் "வீட்டில் செய்த ஒயின் கிடைக்குமா?" என்று விசாரிப்பதுண்டு. மளிகையில் லாபம் சுருங்கிவரும் இந்நாளில், அந்தப் பக்கம் போனால் என்ன என்ற எண்ணம் சிலருக்கு வருகிறது. படித்துவிட்டுக் கடைக்கு வந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாகவே வருகிறது. எண்ணுவதில் தவறில்லை. ஆனால் எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டே காலை எடுத்து வைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சேர்வராயன் மலையை உள்ளடக்கிய நம் சேலம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு முதன்முதலில் சேலம் மாவட்டத்தில்தான் அமலுக்கு வந்தது. அதனால் குறைந்த அரசு வருவாயை ஈடுகட்டவே 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. நாம் பல தலைமுறையாகக் கட்டிவந்த விற்பனை வரிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. பிராந்தி, பீர் மட்டுமல்ல, திராட்சை ஒயினும் அதற்குள் அடக்கம். உரிமம் இல்லாமல் வீட்டில் புளிக்க வைத்து விற்பது குற்றம். 'ஹோம் மேட்' என்று சீட்டு ஒட்டுவதால் அது குடிசைத் தொழில் ஆகிவிடாது. நூறு ரூபாய் லாபத்துக்காகப் பல ஆண்டுப் பெயரையும் கடையையும் பணயம் வைக்க வேண்டாம்.

கடை வைத்து விற்கும் வழியும் தனியாருக்கு இல்லை. மொத்த விற்பனையை 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் எடுத்துக்கொண்டது. சில்லறை விற்பனை 2003 நவம்பர் 29 முதல் அதன் கைக்குப் போயிற்று. அதுவரை உரிமம் எடுத்து 'ஒயின் ஷாப்' நடத்தியவர்கள் வேறு பிழைப்பைத் தேட வேண்டியதாயிற்று. கல்லா நிறைந்த வியாபாரம்தான், ஆனாலும் அரசு முடிவெடுத்ததும் முடிந்துபோயிற்று. உரிமத்தின் மேல் நிற்கும் வியாபாரத்துக்கு இந்த ஆபத்து என்றும் உண்டு. மிளகுக்கும் பருப்புக்கும் அப்படி இல்லை.

வரியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தாலும், குடிப்பதற்கான மதுபானம் அதற்கு வெளியே, மாநில வரியின் கீழ் இருக்கிறது. ஆகவே ஒயின் தயாரிப்பவர் பாட்டிலுக்கும் அட்டைப் பெட்டிக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யை இன்புட் வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது. அதுவும் அடக்க விலையில் ஏறும்.

மாறி வென்றவர்கள்

வேறு தொழிலிலிருந்து வந்து ஒயினில் நிலைத்தவர்கள் நம் நாட்டில் உண்டு. பிரான்சுடன் இயந்திர வணிகம் செய்துவந்த கன்வல் குரோவர், பல திராட்சை வகைகளைச் சோதித்துப் பார்த்த பிறகு, பெங்களூரை அடுத்த நந்தி மலைப் பகுதியில் 1988இல் நிறுவனம் தொடங்கினார். முதல் ஒயின் 1992இல்தான் வெளிவந்தது. ராஜீவ் சமந்த் அமெரிக்காவில் ஆரக்கிள் கம்பெனி வேலையை விட்டு நாசிக்கில் இருந்த குடும்ப நிலத்துக்கு வந்தார். மாம்பழம், ரோஜா, சாப்பாட்டுத் திராட்சை என்று பார்த்துவிட்டு, 1997இல் ஒயின் திராட்சை நட்டார். 'சூலா' ஒயின் 2000இல் சந்தைக்கு வந்தது. அந்த நிறுவனம் 2022 டிசம்பரில் பங்குச் சந்தையில் ஏறியது.

இருவர் கணக்கையும் பாருங்கள். முதல் போட்ட நாளுக்கும் முதல் பாட்டிலுக்கும் இடையே ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. கொடி பலன் தர மூன்று ஆண்டு. 750 மி.லி. பாட்டில் ஒன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் திராட்சை வேண்டும். அறுவடை முடிந்ததும் மொத்தத்தையும் பிழிந்து தொட்டியில் ஏற்றியாக வேண்டும். அதற்குப் பிறகு மாதக் கணக்கில் சரக்கு நகராது. வாரம் ஒருமுறை பணம் திரும்பும் மளிகையில் பழகியவர்களுக்கு இது வேறு உலகம். கடன் வாங்கி இறங்கினால் வட்டியே முதலைத் தின்றுவிடும்.

ஏற்காட்டில் பயிரிடலாமா?

திராட்சைக்குக் காய் பழுக்கும் காலத்தில் வறண்ட வெயில் தேவை. மூடுபனியும் மழையும் சேர்ந்தால் பூஞ்சை நோய் பிடிக்கும். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி இம்மலையில் நிலைத்ததற்குக் காரணம், அது இந்தக் குளிர்ச்சிக்கும் நிழலுக்கும் ஏற்ற பயிர் என்பதே. மிளகும் அப்படித்தான். நம் மாநிலத்தில் திராட்சைக்குப் பேர்போன இடம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. அங்குள்ள பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

திறந்திருக்கும் கதவுகள்

முறையாக மாற நினைப்பவருக்கு வழி இல்லாமல் இல்லை. திராட்சைக் கொள்முதல், பாட்டில், கார்க், அட்டைப் பெட்டி சப்ளை ஆகியவை நம் கைக்குப் பழகிய வேலைகள். இவற்றுக்கு மது உரிமம் தேவையில்லை. வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு நாசிக், பெங்களூர் ஆலைகளில் கொள்முதல், கிடங்கு, சரக்கு அனுப்பும் பிரிவுகள் உண்டு. சரக்கின் தரம் பார்க்கவும், இருப்பு எழுதவும், நிலுவை வசூலிக்கவும் தெரிந்த பையன் எங்கும் வீண்போக மாட்டான். முதலில் ஓர் அறுவடைக் காலம் அங்கே வேலை பார்த்து வரட்டும். முதல் போடுவதைப் பிறகு யோசிக்கலாம்.

அதுவரை கடையை மூட வேண்டாம். புதுத் தொழில் தன் காலில் நிற்கும்வரை வீட்டுக்கு அரிசி வாங்கப் பழைய கல்லாதான் பணம் கொடுக்கும். மலைக்கு வருபவர் ஒயின் கேட்டால், "அது இங்கே இல்லை, எஸ்டேட் காப்பித்தூளும் மிளகும் இருக்கிறது" என்று சொல்லுங்கள். அதில் லாபமும் உண்டு, இரவில் நிம்மதியான தூக்கமும் உண்டு.