உங்களுக்குத் தெரியுமா?

குறைமாதக் குழந்தையை முடிந்தவரை தொடக் கூடாது என்று ஒரு காலத்தில் மருத்துவமனைகளில் நினைத்தார்கள். 1986-இல் அமெரிக்காவின் மியாமியில் ஆய்வாளர் டிஃபனி ஃபீல்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது.

ஆய்வில் இருந்தவர்கள் 40 குழந்தைகள். சராசரிப் பிறப்பு எடை 1,280 கிராம். பாதிப் பேருக்கு மட்டும் தினம் மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம், பத்து நாள் மசாஜ். இன்குபேட்டரின் பக்கத் துளை வழியே கையை நுழைத்துத் தலை, தோள், முதுகு, கால் என்று நீவினார்கள். பிறகு கைகால்களை மெல்ல மடக்கி நீட்டினார்கள். இரு தரப்புக்கும் பால் ஒரே அளவுதான். ஆனாலும் நீவப்பட்ட குழந்தைகளுக்கு அன்றாட எடை 47 சதவீதம் கூடுதலாக ஏறியது. ஆறு நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள்!

சூட்சுமம் அழுத்தத்தில் இருக்கிறது. பட்டும் படாமல் தடவினால் குழந்தைக்குக் கூச்சம்தான் வரும். மிதமாக அழுத்தினால், மூளையிலிருந்து வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு, வயிற்றின் அசைவும் செரிமானமும் கூடுவதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின.

காலை நீட்டி உட்கார்ந்து, பேரனைக் குப்புறப் போட்டு, எண்ணெய்க் கையால் முதுகை வழித்துவிடும் நம் பாட்டிமாருக்கு அந்த அழுத்தம் கைப்பழக்கமாகவே தெரியும். ஒன்றை மட்டும் அவர்களிடம் அன்போடு சொல்லுங்கள்: மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம்.